வரிசையில் பதினேழாவது பெயர்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் கோர்ட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓய்வு பெற்ற ஊழியர்களின் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது, அதற்கு நான் எழுத வேண்டும் என்றார்கள்.

"சட்டத்தோட நம்பரெல்லாம் மாறிப்போச்சு சார். நூத்தி இருபத்தஞ்சுன்னு பழைய கேஸ் கட்டுல பாத்தா எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஜீவனாம்ச செக்‌ஷன நீங்கதான் ரொம்ப வருஷம் பாத்தீங்களாமே. அதப் பத்தி எழுதிக் குடுங்க."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. காப்பி போடச் சொன்னேன். காப்பி வந்த பிறகு அவர்களில் ஒருவர் சொன்னார்: "மொதல்ல தனபால் சார்கிட்டதான் போனோம். அவருதான், 'ஜீவனாம்சம்னா என்னைவிட அவருக்குத்தான் தெரியும், அவரப் போய்ப் பாருங்க'ன்னு அனுப்புனாரு."

அதற்கு மேல் அவர்கள் பேசியது எதுவும் என் மனதில் ஏறவில்லை. முதலில் தனபாலிடம் போயிருக்கிறார்கள். அவர் பார்த்து அனுப்பி வைத்ததால் என்னிடம் வந்திருக்கிறார்கள். எழுபதை நெருங்குகிற வயதில், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, இதற்காக ஒருவன் நெஞ்சு காந்த உட்கார்ந்திருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காந்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் வரும்.

தனபாலும் நானும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். எனக்கு நான்கு வயது இளையவர் என்பதால் அவர் என்னை அண்ணே என்பார். நான் பி.ஏ. முடித்து, சட்டப் படிப்பில் ஒரு வருடம் இருந்து, வீட்டில் பணம் இல்லாததால் விட்டவன். அவர் அதே பி.ஏ.வை இரண்டாம் முறை எழுதித் தேறியவர். தபால் பதிவது, நகல் எடுப்பது, சம்மன் தயாரிப்பது என்று இருவரும் எல்லா மேஜையிலும் உட்கார்ந்து எழுந்தோம். பல ஊர்கள் மாறி, கடைசியில் விருத்தாசலத்தில் ஒரே மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் எதிரெதிர் மேஜைக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஜீவனாம்ச வழக்குகள். அவருக்கு பழைய கட்டுகளும் நகல் பிரிவும்.

எங்களுக்குத் தலைமை எழுத்தராக இருந்தவர் ருக்மணி அம்மா. ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் பணி செய்கிற குடும்பம். தினமும் தனியார் பஸ்ஸில் வருவார். யாரையும் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் அனுப்பிய கட்டில் பிழை இருந்தால், அந்தப் பக்கத்தில் அன்று காலை பஸ்ஸில் வாங்கிய டிக்கெட்டைச் செருகித் திருப்பி அனுப்புவார். எந்த வரி என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். அலுவலகத்தில், "டேய், உனக்கு இன்னிக்கு டிக்கெட்டு எடுத்தாச்சு" என்று கேலி செய்துகொள்வோம்.

என் கட்டில் டிக்கெட் வந்ததே இல்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அது உண்மை. தனபாலுக்கு வாரம் ஒன்றாவது வந்துவிடும். அவரோ அந்த இளஞ்சிவப்புத் தாளை எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, "இன்னும் நாலு சேந்தா ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு வந்துடலாண்ணே" என்று சிரிப்பார். ஆனால் ஒரு சிக்கலான மனு வந்துவிட்டால் ருக்மணி அம்மா தலையைத் தூக்கிக் கூப்பிடும் பெயர், "தனபால், இங்க வாங்க" என்பதுதான். பிழையே இல்லாத நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். பேனா தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதுவேன். ருக்மணி அம்மா ஓய்வு பெற்ற நாளில் தன் சட்டப் புத்தகங்கள் முழுவதையும் தனபாலுக்குக் கொடுத்தார். எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நல்ல பேனாதான். நான் அதில் மை ஊற்றவே இல்லை.

என் பிரிவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கும் குழந்தைக்கும் மாதம் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடுவார். கொடுக்காவிட்டால், எந்தெந்த மாதம் பாக்கி என்று எழுதி அவர்கள் ஒரு மனு போட வேண்டும். அதன் மேல் ஜப்தி வாரண்ட் போகும். அதற்கும் வராவிட்டால் கைது. இதில் ஒரு முள் இருக்கிறது. ஒரு மாதத்துப் பணம் பாக்கி விழுந்தால், ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். தாண்டிவிட்டால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது. மனு போடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும், பின்னால் ஒரு மாதம் உதிர்ந்துகொண்டே வரும். இது வக்கீல்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். மனு போட வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

விருத்தாசலத்தில் செராமிக் தொழில் எப்படி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொழிற்பேட்டையில் சேகர் என்பவர் ஒரு சிறிய சூளை வைத்திருந்தார். பொம்மைகள், குவளைகள், விளக்குகள் செய்வார். அவர் மனைவி கஸ்தூரி பொம்மைகளுக்குக் கண் எழுதுபவர். உடம்புக்கு வண்ணம் யாரும் பூசிவிடலாம், கண்ணை எல்லோராலும் எழுத முடியாது. அந்தக் கண்ணால்தான் அந்தக் குடும்பம் பிரிந்தது. சேகரே இதை என்னிடம் ஒரு வாய்தா நாளில், கோர்ட் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"சூளை என்னுது சார். மண்ணு என்னுது. சூள எரிக்கற கேஸுக்குக் காசு நான் கட்டறேன். மெட்ராஸ்லேருந்து சரக்கெடுக்க வர்றவன் உள்ள நொழஞ்ச ஒடனே என்னா கேக்கறான் தெரியுமா? 'கண்ணு எழுதற அம்மா எங்க?' நான் அங்கியே நிக்கறேன் சார், கம்பம் மாதிரி. 'நீங்க யாரு'ன்னு எங்கிட்டயே கேட்டவனும் இருக்கான்."

"அதுக்காக வூட்ட வுட்டு அனுப்பிடுவீங்களா?" என்றேன்.

"அனுப்பல சார். 'இனிமே பெரஷ்ஷத் தொடாத'ன்னேன். அவ பெரஷ்ஷ எடுத்துக்குனு பக்கத்து ஷெட்டுக்கு வேலைக்குப் போயிட்டா. பாப்பாவையும் இட்டுக்குனு."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, உள்ளே போய் அவர் உட்கார ஒரு ஸ்டூல் எடுத்துவந்து போட்டேன். கட்சிக்காரர் யாருக்கும் நான் ஸ்டூல் போட்டவனில்லை. கம்பம் மாதிரி நின்றேன் என்று அவர் சொன்னதும், எதிர் மேஜையைப் பார்த்து வரும் "தனபால், இங்க வாங்க" என்ற குரலை நான் கேட்டுக்கொண்டிருந்த வருடங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பாப்பா என்று அவர்கள் கூப்பிடும் மகளுக்கு சேகர் மாதாமாதம் பணம் கொடுக்க உத்தரவாகியிருந்தது. கொஞ்ச நாள் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் அவர் தொழிலும் விழுந்தது. கேஸ் விலை ஏறியது. வெளி மாநிலச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது. ஒரு முழுச் சூளைச் சரக்கு வெடித்து வீணானது. சேகர் சிவில் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். திவால் மனுவைத்தான் ஊரில் அப்படிச் சொல்கிறோம். கடன் கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் வரிசையாக எழுதி, 'இவர்களுக்குத் தர என்னிடம் வழியில்லை' என்று கொடுக்கிற மனு. வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். சொத்து ஏதாவது இருந்தால் அதை விற்று விகிதப்படி பங்கு கொடுப்பார்கள். மிச்சக் கடனுக்கு விடுதலை.

சேகரின் வக்கீல், அந்த வரிசையில் பாப்பாவின் பெயரையும் சேர்த்துவிட்டார். களிமண் சப்ளை செய்தவருக்கும் அட்டைப்பெட்டி கொடுத்தவருக்கும் நடுவே, பதினேழாவதாக, மைனர் கவிப்பிரியா, தாயார் கஸ்தூரி மூலம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், மாஜிஸ்ட்ரேட் போட்ட ஜீவனாம்சப் பொறுப்பை திவால் விடுதலை துடைக்காது. களிமண்காரரின் கடன் போகலாம், பிள்ளையின் சாப்பாடு போகாது. நான் சட்டம் படித்த அந்த ஒரு வருடத்திலேயே அந்தப் பிரிவுக்கு அடியில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஆகவே கஸ்தூரி செய்ய வேண்டியது எளிது. அந்த வரிசையை நம்பி நிற்காமல் எங்கள் கோர்ட்டில் பாக்கி மனுவைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். அவ்வளவுதான்.

நோட்டீஸ் வந்த மறுநாள் கஸ்தூரி அதை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். விரல் நகங்களில் கறுப்பு வண்ணம். அது என் பிரிவு வழக்கு. என் மேஜைக்குத்தான் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் பார்த்தார், நேராகத் தனபாலிடம் போனார். எல்லோரும் அப்படித்தான் போவார்கள். நான் ஆடாமல் அசையாமல் எழுதிக்கொண்டிருந்தேன், காது மட்டும் அங்கே இருந்தது.

"சார், பாப்பா பத்தாவது எழுதியிருக்குது. ரிசல்ட்டு வந்ததும் பிளஸ் ஒன்னு சேக்கணும். ஸ்டேசன் பக்கத்துல ஒரு ரூமு எடுத்துத்தான் இருக்கறோம். இந்தப் பணம் வந்தாத்தான் வாடவ குடுத்து அதப் படிக்க வெக்க முடியும். இல்லன்னா எங்கண்ணன் வூடு கம்மாபுரத்துல, அங்க போவணும். அங்க போனா அது படிப்பு அவ்ளோதான். என்னாமோ மஞ்சக் கடுதாசியாமே, எல்லாம் போச்சா சார்?"

"அழுவாதீங்க. போவாது," என்றார் தனபால். "ஆனா எனக்கே சரியா தெரியல. பழைய பொஸ்தகம் பாக்கணும். நாளைக்கு வாங்க, படிச்சிட்டு வெவரமா சொல்றேன்."

அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நாளை அவர் படித்துவிட்டுச் சொல்வார், அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுவார், ருக்மணி அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் காட்சி முழுவதும் எனக்கு அப்போதே கண்ணில் ஓடியது.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு ருக்மணி அம்மாவின் மேஜைக்குப் போனேன்.

"மேடம், ஒரு விஷயங்க. தனபால் கட்சிக்காரங்களுக்கு யோசனை சொல்றாரு. எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிஞ்சா மேல புகார் போயிடும்."

"யாருக்குச் சொன்னாரு?"

"கஸ்தூரின்னு ஒரு ஜீவனாம்ச மனுதாரருங்க."

அவர் கைப்பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டே கேட்டார். "அது உங்க செக்‌ஷனாச்சே?"

"ஆமாங்க."

"உங்க டேபிளுக்கு வராம அங்க ஏன் போனாங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, நான் சொல்றேன். நீங்க சொல்றது ரூல்படி சரிதான்" என்று எழுந்துவிட்டார். அது ரூல்படி சரிதான். கோர்ட் ஊழியர் எந்தத் தரப்புக்கும் யோசனை சொல்லக் கூடாது. என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கெட்ட காரியம் விதிக்கு முழுக்க உட்பட்டது. அதனால்தான் அதைச் சுமந்துகொண்டு இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

மறுநாள் காலை ருக்மணி அம்மா தனபாலைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். தனபால் முகம் சிறுத்துத் திரும்பிவந்தார். டீ குடிக்கப் போகும்போது என்னிடம், "யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கண்ணே. கட்சிக்காரங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதாம்" என்றார். யார் என்று கேட்கவில்லை. நான் இருக்கக்கூடும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"அந்தம்மா இன்னிக்கு வரும்ணே. ராத்திரி பொஸ்தகத்தப் பாத்துட்டேன். ஜீவனாம்சம் திவால்ல போவாது. நான் சொன்னாத்தான் தப்பு. உங்க செக்‌ஷன்தானே, நீங்க சட்ட உதவி ரூமுக்குப் போவச் சொல்லிடுங்க. அவங்க மனு போட்டுக் குடுத்துடுவாங்க. விட்டுட்டா வருஷம் தாண்டிடும்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். சட்ட உதவி அறை எங்கள் வளாகத்திலேயே, வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது. அங்கே போங்கள் என்று கை காட்டுவது எந்த விதிக்கும் விரோதமில்லை.

கஸ்தூரி வந்தார். தனபாலின் மேஜை முன்னால் போய் நின்றார். தனபால் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வக்கீலப் பாருங்கம்மா" என்றார்.

"நேத்து நீங்கதான் சார் வரச் சொன்னீங்க."

"வக்கீலப் பாருங்கம்மா."

அந்த அம்மா மெல்லத் திரும்பி என்னிடம் வந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். என் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். என் குரல் எனக்கே இனிமையாக இருந்தது. அவர் நோட்டீஸோடு இருந்த பட்டியலைப் பிரித்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இதுல பாப்பா பேரு பதினேழாவது இருக்குது சார். அப்ப இதுல பணம் வருமா?"

எதிரே தனபால் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப் போகிறார் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. நான் இப்போது சட்ட உதவி அறையைக் கை காட்டினால், அது தனபால் என்னிடம் சொல்லியனுப்பிய வார்த்தை. அவருடைய பதில் என் வாயிலிருந்து வர வேண்டும். அது வரவில்லை.

"வரிசைப்படி வரும்மா" என்றேன். "மொற வரும்போது கோர்ட்டுலேருந்தே கூப்புடுவாங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. எதிர் மேஜைக்குக் கேட்டிருக்காது. கஸ்தூரி கும்பிட்டுவிட்டுப் போனார். தனபால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் தலையசைத்தேன்.

கஸ்தூரி காத்திருந்தார். களிமண்காரரும் அட்டைப்பெட்டிக்காரரும் காத்திருந்த அதே வரிசையில், அவர்களுக்கு நடுவே தன் மகளின் முறை வரும் என்று காத்திருந்தார். சேகருக்குச் சொத்து என்று இருந்தது வாடகை ஷெட்டும் அடமானத்தில் இருந்த சூளையும். அந்த வரிசையில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. இடையில் சேகர், தம்பி பெயரில் வேறொரு ஷெட்டில் மறுபடி சூளை போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கஸ்தூரியின் முகம் எனக்கு நினைவு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம், தகவல் சொல்வது என் வேலை இல்லை என்று விதியை எடுத்து அதன் மேல் போட்டு மூடினேன்.

ஒன்றரை வருடம் கழித்து, கோர்ட் வாசலில் டைப் அடிப்பவரிடம் எழுதி வாங்கிய மனுவோடு அவர் என் மேஜைக்கு வந்தார். இப்போது கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவதாகச் சொன்னார். அண்ணனின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் அங்கேயும் நெருக்கடி என்றார். மனுவில் பத்தொன்பது மாத பாக்கி எழுதியிருந்தது. அதில் ஏழு மாதம் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. மனுவைத் திருத்தி வரச் சொல்லித் திருப்புவது என் கடமை. அந்த ஏழு மாதங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டேன்.

"இதெல்லாம் ஏன் சார் எடுக்கச் சொல்றீங்க?"

"வருஷம் தாண்டிடுச்சும்மா. சட்டத்துல வழியில்ல."

"வரிசைப்படி வரும்னுதானே இருந்தேன். இப்பிடி ஒரு வருஷக் கணக்கு இருக்குதுன்னு யாருமே சொல்லலியே சார்."

'யாருமே' என்று சொன்னபோது அவர் பார்த்தது தனபாலின் மேஜையை. நான் அவர் பார்வையைத் திருத்தவில்லை.

மிச்சப் பன்னிரண்டு மாதங்களுக்கு மனு ஏறியது. சேகரின் வக்கீல், திவால் கோர்ட்டில் கைதிலிருந்து பாதுகாப்பு வாங்கியிருப்பதாக உத்தரவை நீட்டினார். மாஜிஸ்ட்ரேட் ருக்மணி அம்மாவிடம் இது பற்றிய பழைய தீர்ப்புகளைக் கேட்டார். ருக்மணி அம்மா தலையைத் தூக்கினார். "தனபால், இங்க வாங்க." தனபால் பழைய கட்டு அறையில் இரண்டு நாள் தும்மித் தும்மித் தேடி எடுத்துக் கொடுத்தார். ஜீவனாம்சம் மற்ற கடன்களைப் போன்றதல்ல, அந்தப் பாதுகாப்பு இதற்குச் செல்லாது என்று உத்தரவாயிற்று. கைது என்றதும் சேகர் தம்பியிடமிருந்து பணத்தைக் கொண்டுவந்து கட்டினார். அலுவலகத்தில் எல்லோரும் தனபாலின் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏழு மாதம் போனது அவருக்குத் தெரியவந்தபோது, "அன்னிக்கே சொல்லிட்டீங்கல்லண்ணே, ஏன் அந்தம்மா போவல?" என்று கேட்டார். "என்னாமோ, போவல" என்றேன்.

அந்த இளைஞர்கள் போன பிறகு இந்த வழக்கைத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவற்றை எல்லாம் எழுத முடிந்தது. 'வரிசைப்படி வரும்மா' என்ற இடத்துக்கு வந்ததும், அதை யார் சொன்னது என்று எழுதாமல் தாண்டப் பார்த்தேன். தாண்ட முடியவில்லை. மறுநாள் காலையில் ஒரு ஆட்டோ பிடித்துத் தொழிற்பேட்டைக்குப் போனேன்.

கஸ்தூரி அங்கேதான் இருந்தார். நீளமான ஷெட். பெண்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து பொம்மைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஜன்னலை ஒட்டி ஸ்டூலில் இருந்தார். பூசி முடித்த பொம்மைகள் கண் இல்லாமல் வரிசையாக அவரிடம் வந்து, கண்ணோடு போயின. தலைமுடி பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கோர்ட்டு சார்தானே! வாங்க சார், வாங்க. ஏ, சாருக்கு சேரு எடுத்தாங்கடி. அன்னிக்கு கோர்ட்டுல என்னய உக்கார வெச்சித் தண்ணி குடுத்தவரு இவருதான்."

டீ வந்தது. ஒரு பெண், "உன்னய எதுக்கு கோர்ட்டுல உக்கார வெச்சாங்க, கொல கேஸா?" என்றதும் ஷெட்டே சிரித்தது. கஸ்தூரியும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க நல்ல மனுசன் சார். எதிர்ல ஒருத்தன் இருந்தான் பாருங்க, மீசக்காரன், தனபாலோ என்னாமோ. 'நாளைக்கு வா, சொல்றேன்'னான். மறுநாளு போனா மூஞ்சத் திருப்பிக்கினான். காசு எதிர்பாத்திருப்பான். பாலக்கரையில ஒருநாளு மாட்டுனான் சார், பஸ் ஸ்டாப்புல நாலு பேருக்கு முன்னாடி நல்லா கேட்டுட்டேன். 'பச்சப் புள்ள பணத்துல என்னாத்தக் கண்ட'ன்னு. ஒண்ணுமே பேசாம நின்னான்."

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன். அந்த வார்த்தைகள் எனக்கு இனித்தன. வாழ்நாள் முழுவதும் யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவன் நான். தனபாலைவிட நான் மேல் என்று ஒருவர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டேன். டீயை வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன். சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம் என்று அந்த டம்ளர் காலியாகும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். மற்றப் பெண்களுக்குக் கேட்காதபடி, ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னேன். தனபாலின் வாயை அடைத்தது நான். சட்ட உதவி அறைக்கு அனுப்பச் சொல்லி அவர் என்னிடம் சொன்னார். நான் அனுப்பவில்லை. எனக்குச் சட்டம் தெரிந்திருந்தது. ஏழு மாதம் போனது என்னால்.

கஸ்தூரி பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டார். கையில் ஒற்றைக் கண்ணோடு ஒரு பொம்மை இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"எதுக்கு சார் அப்பிடிப் பண்ணீங்க? அவரு காசு கீசு குடுத்தாரா, எங்கூட்டுக்காரரு?"

"இல்லம்மா. தனபால் மேல எனக்குப் பொறாம."

"பொறாமயா." அந்த வார்த்தையை அவர் முன்பே அறிந்தவர் போலத் தலையாட்டினார். "அது எம்பணமில்ல சார், எம்பொண்ணு பணம்" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவரு வூடு எங்க இருக்குது, தெரியுமா?"

"தெரியும்."

"வந்து காட்டுங்க."

நான் வந்த ஆட்டோ வெளியில் நின்றிருந்தது. இருவரும் அதில் ஏறினோம். தனபாலின் வீட்டு வாசலில் இறங்கி கஸ்தூரி உள்ளே போனார். நான் ஆட்டோவிலேயே இருந்தேன். என்னைக் கூப்பிடவும் இல்லை. கதவு திறந்தே இருந்ததால் தனபாலின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. கஸ்தூரி அழுவது கேட்டது. வெகுநேரத்துக்குப் பிறகு அவர் சிரிப்பதும் கேட்டது. ஆட்டோக்காரர், "சார், இன்னும் லேட்டாவுமா?" என்றார். ஆகும் என்றேன். என்னிடம் பேசியதைவிட அதிக நேரம் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் அப்போதும் நினைத்தேன். இந்த மனதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கஸ்தூரி வெளியே வந்தபோது தனபால் வாசல் வரை வந்தார். மீசை முழுவதும் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். கையை உயர்த்தவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஆட்டோ கிளம்பும் வரை அங்கேயே நின்றார்.

தொழிற்பேட்டை திருப்பம் வந்தபோதுதான் கஸ்தூரி பேசினார்.

"என்னயப் பாத்த ஒடனே அவரு கேட்ட மொத வார்த்த என்னா தெரியுமா சார்? திட்டுனியேன்னு கேக்கல. யாரு பண்ணதுன்னு கேக்கல. 'பாப்பா அப்புறம் பிளஸ் ஒன்னு சேந்துதாம்மா?'ன்னு கேட்டாரு."

நான் காலையிலிருந்து அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என் பொறாமையைச் சொன்னேன், என் தவறைச் சொன்னேன், டீ குடித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பென்சிலால் குறி போட்டபோதும் கேட்கவில்லை. அவர்கள் கம்மாபுரத்துக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தும் கேட்கவில்லை.

"சேந்துதாம்மா?" என்றேன்.

ஆட்டோ ஷெட் வாசலில் நின்றது. அவர் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டார். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"அவருகிட்ட எல்லாம் சொல்லியிருக்கறேன் சார்," என்றார். "அவரையே போய்க் கேட்டுக்குங்க."